எங்க ஊரு தூசிக்கு கோன் ஃபில்டர் எதுக்கு?

பைக்குல இழுவை கூடணும்னா முதல்ல ஏர் ஃபில்டரை மாத்துங்கன்னு யூடியூப்ல சொல்லாத ஆளே இல்லை. சைடு கவருக்குள்ள இருக்கிற கம்பெனி ஃபில்டரை டப்பாவோட கழட்டி வீட்டுப் பரண்ல போட்டுட்டு, சிவப்பு கலர்ல கூம்பு மாதிரி ஒண்ணை நேரா கார்புரேட்டர் வாயிலயே மாட்டிடறது. பசங்க இதைக் கோன் ஃபில்டர்ங்கிறாங்க. எங்க பக்கம் டீக்கடை வாசல்ல நிக்கிற வண்டிகள்ல ஒண்ணு ரெண்டுலயாவது இது எட்டிப் பார்க்குது. கேட்டா, "காத்து நல்லா போகும் பெரியப்பா, பவர் கூடும்" என்பது பதில்.

மக்காச்சோளமும் பருத்தியும் எழுதுற ஆளுக்கு பைக் ஃபில்டர்ல என்ன வேலைன்னு நகரத்து நண்பர்கள் நினைக்கலாம். இன்னிக்குக் கிராமத்துல மாட்டு வண்டி செஞ்ச வேலையில பாதியை பைக்தான் செய்யுது. பால் கேன், உர மூட்டை, ஸ்பிரேயர், ஆஸ்பத்திரிக்குப் போற அம்மா, எல்லாமே அது மேலதான். மாடு படுத்தா எப்படிக் குடும்பம் தடுமாறுமோ அப்படித்தான் இன்ஜின் படுத்தாலும் தடுமாறும். அதனால மாடு என்ன தின்னுதுன்னு பார்த்த மாதிரி வண்டி என்ன தின்னுதுன்னும் பார்க்கணும்.

ஆலத்தியூர் அரியலூர் மாவட்டம், செந்துறை வட்டம். பெரம்பலூர் மாவட்டம் பக்கத்துலயே இருக்கு. எங்க காலுக்குக் கீழ சுண்ணாம்புக்கல். அதனாலதான் அரியலூரைச் சுத்தி இத்தனை சிமெண்ட் ஆலைகள், இத்தனை சுரங்கங்கள், ராத்திரி பகல்னு இல்லாம ஓடுற லாரிகள். அந்தக் கல் ஏழு கோடி வருஷத்துக்கு முந்தின கடல். நத்தை, சிப்பி எல்லாம் கல்லாகிக் கிடக்கும். வாரணவாசியில அதுக்குன்னே ஒரு அருங்காட்சியகம் வச்சிருக்காங்க, இந்தப் பக்கம் வந்தா பாருங்க. அந்தக் கடல்தான் இப்ப தூசியா எங்க வீட்டுத் திண்ணையில, துவைச்சுக் காயப்போட்ட வேட்டியில, முந்திரி இலையில படிஞ்சுக்கிட்டிருக்கு.

ஆனா இன்ஜினைக் கெடுக்கிறதுல பெரிய பங்கு இந்த வெள்ளைத் தூசிக்கு இல்லை. சுண்ணாம்புக்கல் மெதுவான கல். தாதுக்களோட கடினத்தை 1-லிருந்து 10 வரைக்கும் போட்டு வச்சிருக்கிற மோஸ் அளவுல அது 3. லாரி டயர் கிளப்பி விடுற ரோட்டு மண்ணுல இருக்கிற மணல், அதாவது குவார்ட்ஸ், 7. இன்ஜினுக்குள்ள இருக்கிற இரும்பு இந்த ரெண்டுக்கும் நடுவுல. மணல் துகள் பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவுல மாட்டுனா, அது இரும்பைச் சுரண்டும். அரத்தை வச்சு ராவுற மாதிரிதான். கண்ணுல தெரியுற மணல்தான் ஆபத்துன்னு நினைக்க வேண்டாம். முடியோட தடிமன்ல பத்துல ஒரு பங்கு இருக்கிற துகள் போதும். ரிங்குக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற ஆயில் படலமே அவ்வளவு மெல்லிசு.

எவ்வளவு காத்து உள்ள போகுதுன்னு ஒரு கணக்குப் போடுவோம். பெட்ரோல் சரியா எரியணும்னா ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில 14.7 பங்கு காத்து வேணும். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் 740 கிராம். அதுக்கு 11 கிலோ கிட்ட காத்து. 11 கிலோ காத்துன்னா அளவுல ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல. ஒரு ஆள் ஒரு நாள் முழுக்க இழுக்கிற மூச்சே பத்தாயிரம் லிட்டர் சுமாருக்குத்தான் வரும். நீங்க ஒரு லிட்டர் பெட்ரோல் போட்டு ஓட்டும்போது, கூட ஒரு ஆளோட ஒரு நாள் மூச்சை உங்க வண்டி இழுத்து முடிச்சிருக்கு. அந்த மூச்சுல வர்ற மண்ணை நிறுத்துறதுக்கு இருக்கிற ஒரே தடுப்பு, மடிப்பு மடிப்பா இருக்கிற அந்தக் காகிதம்தான்.

சரி, காத்து தாராளமா போனா பவர் கூடாதா? கூடும். எப்பன்னு பார்க்கணும். இன்ஜினுக்குள்ள போற காத்தைத் தடுக்கிற பெரிய தடுப்பு ஃபில்டர் இல்லை, உங்க வலது கை. ஆக்சிலேட்டரை முக்கால்வாசி நேரம் கால்பங்கு, அரைப்பங்குதான் திருகுறோம். அந்த நேரத்துல காத்து போற வழியை நாமதான் அடைச்சு வச்சிருக்கோம். ஏரி மதகைப் பாதி இறக்கிட்டு, வாய்க்காலை மட்டும் பத்தடி அகலப்படுத்தினா வயலுக்குத் தண்ணி கூட வருமா? ஆக்சிலேட்டரை முழுசா திருகி, இன்ஜின் உச்சத்துல சுத்துறப்ப மட்டும்தான் ஃபில்டர் ஒரு தடையாவே தெரியும். செந்துறை ரோட்டுல லாரிக்குப் பின்னாடி முப்பதுல போற வண்டிக்கு அந்த உச்சம் எப்ப வரும்? நூறு சிசி வண்டியோட பவரே எட்டு குதிரைத்திறன் சுமார். பேச்சுக்கு நூத்துக்கு ரெண்டு கூடுச்சுன்னே வைங்க, அது ஒரு குதிரையில ஆறுல ஒரு பங்கு கூட இல்லை. பின்னாடி உக்காந்திருக்கிறவர் ஒரு வேளை சாப்பாட்டைக் குறைச்சுக்கிட்டா அதைவிட வித்தியாசம் தெரியும்.

அப்புறம் ஏன் மாட்டினவன் எல்லாம் "வண்டி பறக்குது"ங்கிறான்? சத்தம். ஃபில்டர் இருக்கிற அந்தப் பிளாஸ்டிக் டப்பா சும்மா தூசி அண்டாம இருக்க வச்ச பெட்டி இல்லை. இன்ஜின் காத்தை இழுக்கிறப்ப வர்ற உறுமலை அடக்குறதும், அலையடிக்காம நிதானமான காத்தைக் கார்புரேட்டருக்குக் கொடுக்கிறதும் அதோட வேலை. அதைக் கழட்டினதும் அந்த உறுமல் நேரா காதுக்கு வருது. வேகம் கூடின மாதிரி ஒரு மயக்கம். ஆர்எக்ஸ் 100 காலத்துல இருந்தே இந்த மயக்கம் இருக்கு. அந்த வண்டி 1985-லிருந்து 1996 வரைக்கும்தான் வந்துச்சு, இன்னும் அதுக்கு கோயில் கட்டாத குறை. டூ ஸ்ட்ரோக் வண்டியில இது இன்னும் மோசம். அதுல காத்து பிஸ்டனுக்கு மேல போறதுக்கு முன்னாடி கீழ கிராங்க் அறைக்குள்ள போய்த்தான் வரும். மண்ணு முதல்ல பேரிங்கைக் கவனிச்சுட்டுத்தான் ரிங்குக்கு வரும்.

இன்னொரு விஷயத்தையும் வீடியோக்காரங்க பாதிதான் சொல்றாங்க. கார்புரேட்டர் வண்டியில கம்பெனி ஜெட் போட்டிருக்கிறது கம்பெனி ஃபில்டருக்கும் டப்பாவுக்கும் ஏத்த கணக்குல. நீங்க வாயை அகலமாத் திறந்தா காத்து கூடும், பெட்ரோல் அதே அளவு வரும். கலவை வறண்டு போகும். வண்டி சூடாகும், திருகினதும் ஒரு நொடி திக்கும். அதைச் சரி பண்ண பெரிய ஜெட் போடணும். பெரிய ஜெட் போட்டா மைலேஜ் போகும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்-6 வண்டிகள்ல கம்ப்யூட்டர் ஓரளவு கணக்கைச் சரி பண்ணிக்கும். ஆனா அந்தக் கம்ப்யூட்டருக்குக் காத்தோட அளவு தெரியுமே தவிர, அதுல எவ்வளவு மண்ணு இருக்குன்னு தெரியாது.

எங்க சொந்தக்காரப் பையன் ஒருத்தன். பேர் வேண்டாம். ஒரு ஆலையில ஒப்பந்த வேலை. தினம் போக வர நாப்பது கிலோமீட்டருக்கு மேல, அதுல பாதி லாரி ஓடுற ரோடு. செகண்ட் ஹாண்ட்ல 150 சிசி வண்டி எடுத்தான், சீட்டு எடுத்த காசுல. எடுத்த கையோட நானூத்தம்பது ரூபாய்க்கு ஆன்லைன்ல ஒரு கோன் ஃபில்டர். எட்டு மாசம் ஆச்சு. வண்டி காலையில வெள்ளைப் புகை தள்ளுது, ஆயில் வாரத்துக்கு வாரம் குறையுது, மேடு ஏறினா கியரை இறக்கினாலும் அழுவுது. மெக்கானிக் பட்டறையில இன்ஜினை இறக்கினப்ப நானும் போயிருந்தேன். அவர் சிலிண்டரை வெளிச்சத்துல சாய்ச்சுக் காட்டினார். சுவர்ல நெட்டுக்கு நெட்டு கோடு. விரல் நகத்துல தட்டுது.

"அண்ணே, வண்டி மண்ணு தின்னிருக்கு"ன்னார்.

பையன், "நான் மாசாமாசம் ஃபில்டரைக் கழுவுனேன் பெரியப்பா"ன்னான். கழுவியிருக்கான், பொய் சொல்லலை. ஷாம்பு போட்டுக் கழுவிக் காயவச்சு மாட்டியிருக்கான். அந்த மாதிரி துணி ஃபில்டர்ல தூசியைப் பிடிக்கிறது துணி மட்டும் இல்லை, அதுல தடவியிருக்கிற எண்ணெய். கழுவிட்டு எண்ணெய் தடவாம மாட்டினா அது கொசுவலை. கொசுவலையில தவிடு சலிச்ச கதைதான். பெட்டியில எண்ணெயும் வரலை, எண்ணெய் தடவணும்னு ஒரு வரியும் இல்லை. நானூத்தம்பது ரூபாய் சாமான்ல அதையெல்லாம் யார் எழுதுவாங்க?

போர் கட், பிஸ்டன், ரிங், கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம். நாலு நாள் வேலைக்குப் போகலை, அந்தச் சம்பளம் தனி. அவனுக்கு அது முக்கால் மாசச் சம்பளம். இந்தக் கணக்கு அந்த வீடியோல வராது. வீடியோ எடுக்கிறவர் கிழக்குக் கடற்கரைச் சாலையில ஓட்டிக் காட்டிட்டு, அடுத்த மாசம் வேற வண்டியில வர்றார்.

கோன் ஃபில்டரே தப்பான பொருள்னு நான் சொல்லலை. இதுல பேர் போன கே அண்ட் என் கம்பெனி 1969-ல கலிஃபோர்னியாவுல தொடங்கினது. எண்ணெய் தடவின பருத்தித் துணியை மடிச்சு ஃபில்டர் செய்யறது அவங்க பாணி. முறைப்படி கழுவி, அளவா எண்ணெய் தடவி, ஒழுங்கா பராமரிக்கிறவருக்கு அது நல்ல சாமான். அதுலயும் கம்பெனி டப்பாவுக்குள்ளயே உக்கார்ற மாதிரி மாடல் இருக்கு. ஆயிரக்கணக்குல விலை. ஆன்லைன்ல நானூறுக்கு வர்றது அதோட கலர் மட்டும்தான்.

ரேஸ் வண்டியில திறந்த ஃபில்டர் போடறாங்களே என்பாங்க. இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ஓடுற வண்டி தார்ல ஓடுது. முன்னாடி லாரி போகாது. ரேஸ் முடிஞ்சா இன்ஜினைப் பிரிச்சுப் பார்க்க ஆளும் காசும் இருக்கு. தூசியிலயே ஓட்டுற ரேஸ் எப்படின்னு பார்க்கணும்னா டக்கார் ரேலியைப் பாருங்க. ஓசூர் டிவிஎஸ் 2015-ல ஷெர்கோவோட சேர்ந்து அதுக்கு வண்டி அனுப்ப ஆரம்பிச்சுது. அந்தப் பாலைவன வண்டிகள்ல ஃபில்டரைத் திறந்து விடறதில்லை. டப்பாவுக்குள்ள, எண்ணெயில ஊறின ஸ்பாஞ்சு ஃபில்டரைப் பொத்தி வைப்பாங்க. சாயந்தரம் வண்டி கூடாரத்துக்கு வந்ததும் கழட்டிட்டு வேற போடுவாங்க. உலகத்துலயே வேகமா ஓட்டுறவன் தூசியைக் கண்டா ஃபில்டரை மூடுறான். நம்ம பையன் திறக்கிறான்.

விவசாயிக்கு இது புது விஷயமே இல்லைங்கிறதுதான் எனக்கு ஆத்திரம். பழைய டிராக்டர்கள்ல ஆயில் பாத் ஏர் கிளீனர் இருக்கும். கீழ ஒரு கிண்ணத்துல ஆயில். உள்ள வர்ற காத்து அந்த ஆயில்ல மோதித் திரும்பி மேல போகும், மண்ணு ஆயில்லயே தங்கிடும். புழுதி உழவு ஓட்டினா தினம் சாயந்தரம் கிண்ணத்தைக் கழட்டிப் பார்ப்போம். அடியில சேறு மாதிரி நிக்கும். டீசல்ல அலசிட்டு, கோடு வரைக்கும் புது ஆயில் ஊத்தி மாட்டுவோம். இதைச் செய்யாத டிரைவரை எந்த ஓனரும் வச்சுக்க மாட்டார். அதே வீட்டுல, அதே கொட்டகையில நிக்கிற பைக்கோட ஃபில்டரை வாங்கின நாள்ல இருந்து ஒருத்தரும் திறந்திருக்க மாட்டாங்க. டிராக்டர் முதலாளி, பைக் எடுபிடி போல.

இந்த இடத்துல ஒரு சுவாரசியம். ஃபில்டர் எவ்வளவு தூசி பிடிக்குதுன்னு சோதிக்க உலகம் பூரா ஒரே வகைத் தூசியைப் பயன்படுத்துறாங்க. அதுக்குப் பேர் அரிசோனா தூசி. அமெரிக்காவுல அரிசோனா மாநிலத்துல, சால்ட் ரிவர் பள்ளத்தாக்குல, டிராக்டருக்குப் பின்னாடி கிளம்பிப் படிஞ்ச மண்ணை அள்ளினதுல தொடங்கின வழக்கம் அது. ஏதோ ஒரு விவசாயி உழுத புழுதிதான் உலகத்துக்கே அளவுகோலா நிக்குது. நம்ம புழுதிக்கும் அந்த மரியாதை வேணும்.

எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு. திறந்து விடறது ஒரு கேடுன்னா, அடைச்சுப் போறது இன்னொரு கேடு. அடைச்ச ஃபில்டர்னால கார்புரேட்டர் வண்டியில பெட்ரோல் கூடும், ப்ளக் கரி பிடிக்கும், மைலேஜ் இறங்கும். அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் 2009-ல கார்களை வச்சுச் சோதிச்சுப் பார்த்தது. கம்ப்யூட்டர் வச்ச புது வண்டிகள்ல அடைச்ச ஃபில்டரால மைலேஜ் பெரிசாக் குறையலை, ஆனா பிக்கப் குறைஞ்சுது. அதனால பிஎஸ்-6 வச்சிருக்கிறவங்க "மைலேஜ் நல்லாத்தானே தருது, ஃபில்டர் நல்லாயிருக்கும்"னு இருந்துடாதீங்க. நிறைய பேருக்குப் பழைய ஃபில்டரை எடுத்துட்டு அதே கம்பெனி ஃபில்டர் புதுசு போட்டாலே, தேடுற அந்த "பெர்ஃபார்மன்ஸ்" திரும்பிடும். இருநூறு ரூபாய் சுமார்ல முடியற வேலை.

பெட்டியோட வர்ற கையேட்டுல இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்துங்கன்னு இருக்கும். பக்கத்துலயே, தூசி அதிகமுள்ள இடத்துல அதுக்கு முன்னாடியேன்னு சின்னதா ஒரு வரி. எங்க ஊருக்கு அந்தச் சின்ன வரிதான் சட்டம். நான் பாதிக் கணக்குல மாத்துறேன், தை மாசியில மக்காச்சோளம் அடிக்கிற சீசன் முடிஞ்சதும் கிலோமீட்டர் பார்க்காம ஒரு தடவை. கழட்டினதை செய்தித்தாள் மேல தட்டிப் பாருங்க, யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனா தட்டிட்டு அதையே மறுபடி மாட்டாதீங்க. இப்ப வர்ற பல வண்டிகள்ல காகிதத்துல பிசுபிசுன்னு எண்ணெய்ப் பசை இருக்கும். அதைக் கழுவவும் கூடாது, பஞ்சர் கடை கம்ப்ரஸர்ல காத்தடிக்கவும் கூடாது. அந்த வேகத்துக்குக் காகிதத்துல கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஓட்டை விழுந்தா காத்து நல்லாப் போகும், வண்டியும் நாலு நாள் ஜோரா ஓடும், அதுதான் பிரச்சினை.

ஃபில்டரை விட முக்கியமான ஒண்ணை எந்த வீடியோவும் காட்டுறதில்லை. டப்பாவுல இருந்து கார்புரேட்டருக்குப் போற கருப்பு ரப்பர் குழாய். வெயில்ல நின்னு நின்னு அது வெடிக்கும், இல்லைன்னா கிளிப் லூஸாகும். அப்ப எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டும் பிரயோஜனமில்லை, மண்ணு பக்கத்து வாசல் வழியா உள்ள போகுது. ஃபில்டரைக் கழட்டினப்ப ஒரு வெள்ளைத் துணியை விரல்ல சுத்தி, ஃபில்டருக்கு அந்தப் பக்கம், இன்ஜின் பக்கம் இருக்கிற உள்சுவரைத் துடைச்சுப் பாருங்க. துணியில மண்ணு வந்தா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். டப்பா மூடியில இருக்கிற ரப்பர் பட்டையையும் பாருங்க. இது சென்னையில இருக்கிறவங்களுக்கும் சேர்த்துத்தான். மெட்ரோ தோண்டுற ரோட்டுல தினம் ஒரு மணி நேரம் நிக்கிற உங்க வண்டிக்கும் எங்க வண்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சட்டமும் இருக்கு. அனுமதியில்லாம வண்டியோட அமைப்பை மாத்தினா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம்னு 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் சொல்லுது. நம்ம பக்கம் போலீஸ் சைலன்சரைத்தான் பிடிக்கிறாங்க, ஃபில்டர் வரைக்கும் யாரும் குனியறதில்லை. அபராதத்துக்குப் பயந்து ஒருத்தன் கழட்டுவான்னு எனக்கு நம்பிக்கையும் இல்லை.

கேட்க வேண்டிய ஆட்கள் வேற இருக்காங்க. சர்வீஸ் சென்டர்கள்ல சென்னைக்கும் செந்துறைக்கும் ஒரே கிலோமீட்டர் கணக்கை எழுதிக் கொடுக்கிறதை நிறுத்தணும். இந்த மாவட்டத்துக்குன்னு ஒரு அட்டவணை போட்டு சுவத்துல ஒட்டினா என்ன குறைஞ்சிடும்? கல் ஏத்துற லாரிக்குத் தார்ப்பாய் முழுசா மூடியிருக்கணும், பேருக்கு முன்னாடி ரெண்டு முழம் மூடினா போதாது. ரோட்டுக்குத் தண்ணி அடிக்கிறது அதிகாரி வர்ற அன்னிக்கு மட்டும் நடக்கிற சடங்கா இருக்கக் கூடாது. ஊர்க்கூட்டத்துல இதைப் பேசினப்ப ஒரு பெரியவர் கேட்டார், "வண்டிக்குச் சல்லடை வச்சிருக்கான், அதை ஓட்டுறவனுக்கு என்னப்பா வச்சிருக்கான்?" ஒருத்தரும் பதில் சொல்லலை. அந்தப் பையனும் அன்னிக்கு அங்க இருந்தான். வேலைக்குப் போறப்ப மூக்குல கட்டுற கைக்குட்டை கழுத்துல தொங்கிக்கிட்டிருந்துச்சு, மடிப்புல எல்லாம் வெள்ளைக் கோடு.

அவன் வண்டியில இப்ப பழையபடி கம்பெனி டப்பாவே இருக்கு. பரண்ல இருந்து எடுத்தப்ப மூடியில ஒரு ஸ்குரூ காணோம், அதுக்கு மெக்கானிக் பத்து ரூபாய் வாங்கிக்கிட்டார். கோன் ஃபில்டரை என்ன பண்ணினேன்னு கேட்டேன். ஃப்ரெண்டு ஒருத்தன் இருநூறுக்குக் கேட்டிருக்கானாம். கொடுக்கலைன்னு சொல்றான்.